இருக்கும் வீட்டை விற்று வேறு வீடு வாங்குதல்: எந்தத் தேதிக்குப் பின் எந்தத் தேதி? – முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் குடியிருக்கும் சொந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு இன்னொரு வீட்டை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையை ஒருமுறை எனக்காகச் செய்திருக்கிறேன். அதன் பிறகு உறவிலும் நட்பிலும் நான்கு குடும்பங்களுக்குக் கூடவே நின்று செய்து கொடுத்திருக்கிறேன். விலையில் ஏமாந்தவர்களைவிடத் தேதியில் சறுக்கியவர்களையே அதிகம் பார்த்தேன். ஆகையால் பேரம் பேசுவது எப்படி, எந்தப் பகுதியில் வாங்குவது என்பவற்றை விட்டுவிட்டு, எதை முடித்த பிறகு எதைத் தொட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. ஆள் பார்க்கும் முன் பத்திரங்களைச் சரிசெய்யுங்கள்

வீட்டுக்கு ஆள் பார்க்கத் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே பத்திர வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு ஒரு குறை தெரிய வந்தால், அதைச் சரிசெய்ய ஆகும் ஒவ்வொரு நாளும் உங்கள் கெடுவிலிருந்து கழியும். முன்பே தெரிந்துவிட்டால் எவருடைய கெடுவுக்கும் பாதிப்பில்லை.

உங்கள் பெயரிலுள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், பட்டா, நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, கட்டட வரைபட அனுமதி, குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனைகளையும் அடமானங்களையும் காட்டும் சான்று) ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். அடுக்குமாடி வீடு என்றால், குடியிருப்போர் சங்கத்துக்கு நிலுவை இல்லை என்ற கடிதமும், உங்களுக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கின் அளவு எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்ற சரிபார்ப்பும் வேண்டும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே எடுத்து, ஒவ்வொரு வரியையும் படியுங்கள். என் சித்தப்பா வீட்டுக் கடனை முழுவதும் அடைத்து, வங்கி திருப்பிக் கொடுத்த பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஐந்து ஆண்டு கழித்து விற்க வந்தபோது, கடன் வாங்கிய காலத்தில் பதிவான எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணம், வில்லங்கச் சான்றின் மூன்றாவது வரியில் அப்படியே நின்றது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை எவரும் பதிவு செய்யவே இல்லை. அதற்குள் அந்தக் கிளை வேறொரு கிளையோடு இணைந்திருந்தது. பழைய கோப்பைத் தேடி எடுத்து, அதிகாரியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்துப் பதிவு முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. அவர் அதுவரை யாரிடமும் ஒப்பந்தம் போட்டிருக்கவில்லை என்பதால் அந்த ஏழு வாரமும் அலைச்சலோடு போயிற்று. பண நட்டம் ஏற்படவில்லை.

பட்டா இன்னும் தந்தை பெயரிலோ முந்தைய உரிமையாளர் பெயரிலோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சொத்து தந்தை வழியில் வந்ததென்றால் வாரிசுச் சான்றில் உள்ள அனைவரின் கையெழுத்தும் தேவைப்படும். திருமணமாகிப் போன சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. அவர்கள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பி, அது இங்கே முறைப்படி ஏற்கப்படுவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். வாங்குபவரின் வக்கீல் கேட்ட பிறகு சகோதரியிடம் பேசப் போவது உறவுக்கும் நல்லதில்லை, கெடுவுக்கும் நல்லதில்லை.

2. கையில் நிற்கும் தொகையை எழுதிப் பாருங்கள்

பலரும் விற்கும் விலையையும் வாங்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடைப்பட்ட தொகைக்குக் கடன் வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கணக்கில் பல லட்சம் விடுபட்டுப் போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய வீட்டை 60 லட்சத்துக்கு விற்கிறீர்கள், அதன் மேல் 18 லட்சம் கடன் பாக்கி இருக்கிறது. விலையோ, பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டாலே வாங்குபவர் 1 சதவீதத்தை டி.டி.எஸ். எனும் வரிப் பிடித்தமாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதால் 60,000 ரூபாய் உங்கள் கைக்கு வராது. பிறகு வரிக் கணக்கில்தான் அதைச் சரிக்கட்டிக்கொள்ள முடியும். தரகு 1 சதவீதம் என்று பேசியிருந்தால் இன்னொரு 60,000. ஆக, கையில் நிற்பது 40.8 லட்சம்.

வாங்கும் வீடு 80 லட்சம் என்றால், அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 7.2 லட்சம் ஆகும். வழிகாட்டி மதிப்பு விலையைவிடக் கூடுதலாக இருந்தால் இந்த 9 சதவீதம் அந்த மதிப்பின் மேல் கணக்கிடப்படும். தரகையும் சேர்த்தால் மொத்தம் 88 லட்சம். ஆகவே உங்களுக்குத் தேவையான கடன் 47.2 லட்சம், விலைகளின் வித்தியாசமான 20 லட்சம் இல்லை.

வங்கி எவ்வளவு தரும் என்பதற்கும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதத்தையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதத்தையும், 75 லட்சத்துக்கு மேல் 75 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த மதிப்பில் வங்கி பொதுவாகச் சேர்க்காது. அது முழுவதும் உங்கள் கைப்பணம்.

3. முதலில் விற்பதா, முதலில் வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்

பழைய வீட்டின் பணம் வராமல் புது வீட்டை வாங்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலானோர், முதலில் விற்க வேண்டும். மேலே சொன்ன 80 லட்சம் வீட்டையே எடுத்துக்கொண்டால், அதிகபட்சமாக 64 லட்சம் கடன் கிடைத்தாலும் மீதி 16 லட்சம், பத்திரச் செலவு 7.2 லட்சம் என 23.2 லட்சம் ரொக்க இருப்பு வேண்டும். அதோடு பழைய வீடு விற்கும் வரை இரண்டு கடன்களின் மாதத் தவணைகளையும் கட்ட வேண்டும். அதற்கு வருமானம் போதாது என்று வங்கியே கடன் தொகையைக் குறைத்துவிடவும் கூடும்.

இதற்கென்று சில வங்கிகள் குறுகிய கால இணைப்புக் கடன் தருகின்றன. பழைய வீடு விற்கப்பட்டதும் அடைக்க வேண்டிய கடன் அது; வட்டி வழக்கமான வீட்டுக் கடனைவிடக் கூடுதலாக இருக்கும். பழைய வீட்டுக்கு வாங்குபவர் உறுதியாகி, முன்பணம் கைமாறி, கிரயத்துக்குச் சில வாரங்கள் மட்டுமே மீதியிருக்கும்போது இந்தக் கடனை எடுப்பதில் தவறில்லை. வாங்க ஆளே வராத நிலையில் எடுத்தவர்கள், மாதந்தோறும் ஏறும் வட்டிக்குப் பயந்து, கடைசியில் கேட்ட விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டதை இரண்டு குடும்பங்களில் பார்த்தேன்.

முதலில் வாங்குவது பொருத்தமாக இருக்கும் இடங்களும் உண்டு. பழைய வீட்டில் கடன் இல்லாமல், கையிருப்பும் போதுமான அளவு இருந்து, வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் ஒருவர் இருந்தால், இடையில் வாடகை வீட்டுக்குப் போகும் துன்பத்தைத் தவிர்ப்பதற்காக அப்படிச் செய்யலாம். அப்போதும் அடுத்த பிரிவில் சொல்லும் ஓராண்டு வரம்பு உங்களைக் கட்டும்.

4. வரிக் கெடுக்களை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பிரிவைக் கிரயத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். கிரய நாளைத் தேர்ந்தெடுப்பதே இதைப் பொறுத்தது என்பதால் முன்னால் வைத்திருக்கிறேன்.

24 மாதத்துக்கு மேல் உங்களிடம் இருந்த வீட்டை விற்றால் வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். பரம்பரையாக வந்த வீடு என்றால் முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலமும் சேரும். 2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைகளுக்கு இதன் வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்தி, மீதி ஆதாயத்துக்கு 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் வரி குறைவாக வந்தால் அந்தக் குறைவான வரியைக் கட்டினால் போதும். எந்தக் கணக்கு உங்களுக்கு நல்லது என்பதை இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2001-க்கு முன் வாங்கிய வீடுகளுக்கு இந்த வேறுபாடு பெரிதாக இருக்கக்கூடும்.

இந்த ஆதாயத்தை வேறொரு குடியிருப்பு வீட்டில் போட்டால் வரிவிலக்கு உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 54-ஆம் பிரிவு. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் கால வரம்புகள் அவையே. பழைய வீட்டை விற்ற நாளுக்கு ஓராண்டு முன்னிருந்து இரண்டாண்டு பின் வரைக்குள் புது வீட்டை வாங்க வேண்டும். கட்டுவதென்றால் விற்ற நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். முதலில் வாங்கியவர்களை இந்த ஓராண்டு முன்வரம்புதான் பிடிக்கிறது. வாங்கிப் பதின்மூன்றாம் மாதத்தில் பழைய வீடு விற்றால் அந்தப் புது வீட்டைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. விற்ற பணம் முழுவதையும் புது வீட்டில் போட வேண்டும் என்பது ஒன்று. ஆதாயத்தின் அளவுக்குப் போட்டாலே போதும்: 90 லட்சத்துக்கு விற்று, கழிக்கத்தக்க விலை (வாங்கிய விலையும் சட்டம் அனுமதிக்கும் செலவுகளும்) 40 லட்சமாக இருந்தால், 50 லட்சத்துக்கோ அதற்கு மேலோ வீடு வாங்கினால் முழு விலக்கும் கிடைக்கும். மகன் பெயரில் வாங்கினாலும் விலக்கு உண்டு என்பது இன்னொன்று. விற்றவர் பெயரிலேயே வாங்குவதுதான் வழக்கு வராத வழி. கூட்டாக வாங்குவதென்றாலும் விற்றவர் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கிரயத்தை மார்ச் மாதத்தில் வைப்பதா, ஏப்ரலில் வைப்பதா என்பதும் இங்கேதான் முடிவாகிறது. விற்ற நிதியாண்டுக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் புது வீட்டில் போடாத ஆதாயத் தொகையை மூலதன ஆதாயக் கணக்கு எனும் தனி வங்கிக் கணக்கில் (விவரம் ஒன்பதாம் பிரிவில்) செலுத்தியாக வேண்டும். சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் அந்த நாள் வழக்கமாக ஜூலை 31. மார்ச் 25-இல் கிரயம் முடித்தால் உங்களுக்கு நான்கு மாதம்தான் அவகாசம். அதே கிரயத்தை ஏப்ரல் 5-இல் முடித்தால் அடுத்த ஆண்டு ஜூலை 31 வரை, ஏறத்தாழ பதினாறு மாதம் கிடைக்கும். பதினொரு நாள் தள்ளி வைப்பதில் ஓராண்டு கிடைக்கிறது என்பதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் அவர் மறுப்பதில்லை.

5. விற்கும் ஒப்பந்தத்தை முதலில் போடுங்கள்

நீங்கள் வாங்குபவராகக் கையெழுத்திடும் முன், விற்பவராகக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உங்களுக்கு வரும் பணம் எழுத்தில் உறுதியான பிறகே, நீங்கள் தர வேண்டிய பணத்துக்கு வாக்குக் கொடுக்கலாம்.

வாங்குபவர் எப்படிப் பணம் புரட்டப் போகிறார் என்பதை விலை பேசும்போதே கேளுங்கள். கையில் பணம் உள்ளவருக்கு 45 நாள் கெடு போதும். வங்கிக் கடனில் வாங்குபவருக்குச் சட்டக் கருத்து, மதிப்பீடு, கடன் அனுமதி என்று அடுத்தடுத்து நாட்கள் போகும் என்பதால் 90 நாளுக்குக் குறைவாகக் கெடு வைப்பது இரு தரப்பையும் நெருக்கடியில் தள்ளும். அவரே தன் வீட்டை விற்றுத்தான் வாங்கப் போகிறார் என்றால், அந்த வீட்டுக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டதா என்று தெரிந்த பிறகே முன்பணம் வாங்குங்கள். ஒரு கண்ணி அறுந்தால் உங்கள் பக்கமும் அறும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிவான ஒப்பந்தம் உங்கள் வீட்டின் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள். வாங்குபவர் பின்வாங்கினால், அவரும் வந்து கையெழுத்திட்டு ரத்துப் பத்திரம் பதிவாகும் வரை அடுத்தவர் உங்கள் வீட்டை வாங்கத் தயங்குவார். எனவே முன்பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால், அது ரத்துப் பத்திரம் பதிவாகும் அதே நாளில், அதே மேசையில்தான் கைமாறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக்காக எட்டு மாதம் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

முன்பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். பெற்ற தொகைக்குச் சமமான தண்டம் வரலாம். வங்கி வழி வாங்குவதில் இன்னொரு பயனும் உண்டு. ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையே வழிகாட்டி மதிப்பு உயர்ந்தால், ஒப்பந்த நாளுக்குள் ஒரு பகுதிப் பணமாவது வங்கி வழி வந்திருந்தால்தான், ஒப்பந்த நாளின் மதிப்பையே உங்கள் மூலதன ஆதாயத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ள முடியும்.

கடைசியாக, வீட்டைக் காலி செய்து தரும் தேதியைக் கிரயத் தேதியிலிருந்து தனியாக எழுதுங்கள். இதன் பயன் எட்டாம் பிரிவில் தெரியும்.

6. வாங்கும் ஒப்பந்தம்: கெடுக்களுக்கு இடையே இடைவெளி விடுங்கள்

நான் செய்த தவறு இங்கேதான். விற்கும் ஒப்பந்தத்தின் கெடுவையும் வாங்கும் ஒப்பந்தத்தின் கெடுவையும் ஒரே வாரத்தில் வைத்துவிட்டேன். இரண்டும் அடுத்தடுத்து முடிந்துவிடும் என்று நம்பினேன். என் வீட்டை வாங்குபவரின் வங்கி, மூலப்பத்திரம் ஒன்றின் சான்றிட்ட நகலைக் கூடுதலாகக் கேட்டது. நகல் கிடைத்து, வக்கீல் மீண்டும் பார்த்து ஒப்புதல் தர 19 நாள் ஆகிவிட்டது. அந்த 19 நாளும், நான் வாங்க வேண்டிய வீட்டுக்காரர், கெடு தாண்டினால் முன்பணம் திரும்பாது என்ற ஒப்பந்த வரியை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல் குறை சொல்ல முடியாது. அவரும் வேறொரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். நான் ஐந்து பேரிடம் கைமாற்று வாங்கித்தான் ஒப்பந்தத்தைக் காப்பாற்றினேன்.

ஆகவே, வாங்கும் ஒப்பந்தத்தின் கெடு, விற்கும் ஒப்பந்தத்தின் கெடுவுக்குக் குறைந்தது 45 நாள் பின்னால் இருக்கட்டும். விற்கும் கெடு ஜூன் 30 என்றால் வாங்கும் கெடு ஆகஸ்ட் 15-க்கு முன் வேண்டாம். இதைக் கேட்டால் வீடு கைநழுவிப் போகும் என்று பயப்படுகிறார்கள். சற்றே கூடுதல் முன்பணம் கொடுத்து நீண்ட கெடு வாங்குவது, குறைந்த முன்பணம் கொடுத்துக் குறுகிய கெடுவில் மாட்டிக்கொள்வதைவிட எவ்வளவோ மேல். அதோடு, என் வீட்டின் கிரயம் வாங்குபவரின் வங்கியால் தாமதமானால் மேலும் 30 நாள் கெடு நீட்டிக்கப்படும் என்ற ஒரு வரியையும் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழியாகச் சரி என்பவர்கள் அதை எழுதவும் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கட்டுமானத்தில் இருக்கும் அடுக்குமாடி வீட்டை வாங்குவதென்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ரெரா எனும் வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்பந்தம் பதிவாகும் முன் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அவர் சொல்லும் ஒப்படைப்புத் தேதி உங்கள் மூன்றாண்டு வரிக் கெடுவுக்கு நெருக்கமாக இருந்தால், தாமதத்தின் சுமை உங்கள் தலையில்தான் விழும். கெடுவுக்கு ஓராண்டாவது முன்னதாக முடியும் என்று தெரிந்த வீட்டையே தேர்ந்தெடுங்கள்.

வாங்கும் வீட்டின் விலை 50 லட்சத்தைத் தொட்டால், இப்போது 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டியவர் நீங்கள். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. பிடித்தம் மிகவும் கூடும் என்பதால் தணிக்கையாளரைக் கேட்காமல் பணம் தர வேண்டாம்.

7. பழைய கடனை அடைக்கும் நாட்களைக் கணக்கில் சேருங்கள்

உங்கள் வீட்டின் மேல் கடன் இருந்தால் மூலப்பத்திரம் வங்கியிடம் இருக்கும். ஒப்பந்தம் போட்ட அன்றே உங்கள் வங்கியிடம் கடன் முடிப்புத் தொகைக் கடிதமும், அவர்களிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் எழுதிக் கேளுங்கள். வாங்குபவரின் வங்கி இந்த இரண்டு தாள்களைப் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்கு நகரும்.

வாங்குபவர் தரும் பணத்தில் ஒரு பகுதியை நேராக உங்கள் கடன் கணக்குக்கு வரைவோலையாகக் கொடுத்துக் கடனை முடிப்பதே வழக்கம். மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது. கடன் முழுவதும் தீர்ந்து 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவான பிணையையும் நீக்கித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஈட்டுத் தொகை கிடைக்கும் என்பதற்காக அந்த 30 நாளைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். பத்திரங்கள் வேறு ஊரிலுள்ள மையக் காப்பகத்தில் இருந்தால் முழு மாதமும் பிடிக்கும்.

8. கிரய நாள், காலி செய்யும் நாள்

காலையில் விற்று மாலையில் வாங்கிவிடலாம் என்ற யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. பதிவு முடிந்ததும் கையில் வரும் வரைவோலை உங்கள் கணக்கில் பணமாக மாற ஓரிரு வேலை நாட்கள் ஆகும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கணினி இணைப்பு அரை நாள் நின்றால் மாலைக் கிரயத்தின் டோக்கன் வீணாகும். இரண்டு கிரயங்களுக்கும் இடையே குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கிரயமும் குடிபோவதும் வேண்டாம் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டாலும், எதிர்த்தரப்புக்கு இருக்கலாம். கெடு ஜூலை இறுதியில் முடிந்தால், ஆடி பிறக்கும் முன் முடிக்க அவசரப்படுவார்கள், அல்லது ஆவணி வரை தள்ளச் சொல்வார்கள். ஒப்பந்தம் எழுதும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். முகூர்த்த நாட்களில் டோக்கன்கள் வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால், அந்த நாளைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் முன்பதிவு திறந்ததுமே எடுக்க வேண்டும்.

கிரயத்துக்குப் பின் 30 முதல் 60 நாள் வரை பழைய வீட்டிலேயே தங்க வாங்குபவரிடம் அனுமதி கேளுங்கள். கடைசித் தேதி, அதுவரை தரும் வாடகை, தாண்டினால் நாளொன்றுக்கு எவ்வளவு என்ற மூன்றையும் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வாங்குபவர் நம்பிக்கைக்காக ஒரு தொகையை நிறுத்தி வைக்கக் கேட்டால், கிரய விலையிலிருந்து பிடிக்காமல், நீங்கள் தனியாகத் தரும் பிணைத் தொகையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழு விலையும் பெற்றதாகப் பத்திரத்தில் எழுதிவிட்டு ஒரு பகுதியை நிலுவையில் விட்டால், பிறகு அதைக் கேட்க உங்கள் கையில் தாள் இருக்காது. இந்த ஏற்பாடு கிடைக்காதவர்கள் சாமான்களை இருமுறை ஏற்றி இறக்கும் செலவையும், வாடகை வீட்டு முன்பணத்தையும் இரண்டாம் பிரிவுக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் குடிபெயர்வது ஜூன் முதல் வாரத்துக்குள் முடியுமாறு எல்லாக் கெடுக்களையும் பின்னோக்கி எண்ணி வையுங்கள்.

9. ஜூலை 31-க்குள் புது வீடு முடியவில்லை என்றால்

தயங்காமல் மூலதன ஆதாயக் கணக்கைத் திறந்துவிடுங்கள். 1988-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, அனுமதி பெற்ற வங்கிக் கிளைகளில் இதைத் திறக்கலாம். சேமிப்புக் கணக்கு போன்றது ‘ஏ’ வகை, வைப்புத் தொகை போன்றது ‘பி’ வகை. சில மாதத்தில் வாங்கப் போகிறவருக்கு ‘ஏ’ வகை போதும். எல்லாக் கிளைகளிலும் இதைத் தெரிந்தவர்கள் இருப்பதில்லை என்பதால் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ஜூலை 29-இல் போய், மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்ற பதிலோடு திரும்பிய ஒருவர், மறுநாள் வேறொரு கிளையில் மாலை நான்கு மணிக்குத்தான் கணக்கைத் திறக்க முடிந்தது.

வழக்கமான வைப்புத் தொகையில் போட்டு வைத்து, வீடு வாங்கத்தான் வைத்திருக்கிறேன் என்று பிறகு சொன்னால் விலக்கு நிற்காது. இந்தக் கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவிட வேண்டும். ஆகையால் கிரய நாள் உறுதியான பிறகே எடுங்கள். கணக்கை மூடுவதற்கு வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பயன்படுத்தாமல் விட்ட தொகை, பழைய வீட்டை விற்று மூன்றாண்டு முடியும் ஆண்டில் ஆதாயமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உள்ளாகும்.

10. இரண்டு கிரயங்களும் முடிந்த பின்

விற்ற வீட்டின் மின் இணைப்பும் சொத்து வரியும் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டனவா என்று இரண்டு மாதம் கழித்துக் கேளுங்கள். மாறாவிட்டால் பாக்கிக்கான அறிவிப்புகள் உங்கள் பெயருக்கே வரும். புது வீட்டின் பட்டா மாற்றத்தைப் பதிவு முடிந்த வாரத்திலேயே இணையத்தில் சரிபாருங்கள்; உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் நில அளவையாளர் வந்து அளக்கும் வரை தொடர்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

விலக்குப் பெற்று வாங்கிய புது வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றால், பெற்ற விலக்கு அந்த வீட்டின் வாங்கிய விலையிலிருந்து கழிக்கப்பட்டு வரி திரும்ப வரும். அதனால் புது வீட்டுப் பத்திரத்தின் மேலட்டையிலேயே அந்த மூன்றாண்டு முடியும் தேதியைப் பென்சிலால் எழுதி வையுங்கள். இரண்டு வீட்டின் ஒப்பந்தங்கள், கிரயப் பத்திர நகல்கள், டி.டி.எஸ். சான்றுகள், மூலதன ஆதாயக் கணக்கின் புத்தகம் ஆகியவற்றையும் அதே உறையில் வையுங்கள். வருமான வரி அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தால் முதலில் கேட்பது இவற்றைத்தான்.